களி கேட்டவள்

மைசூர், தேவராஜ மொஹல்லா
கார்த்திகை மாதம், 1943

சிரஞ்சீவி மாரிசாமிக்கு அம்மா பழனாத்தாள் ஆசீர்வதித்து எழுதுவது. நான் நலம். பாஸ்ராவில் நீயும் உன் பட்டாளத்துப் பிள்ளைகளும் சுகமாயிருக்க மாதேஸ்வரன் துணை.

உன் மனைவி மாதேவி போன வெள்ளிக்கிழமை போய்ச் சேர்ந்துவிட்டாள். தந்தி கொடுக்கச் சொல்லி உன் மாமனார் குதித்தார். தந்தியைப் பார்த்து நீ அங்கே துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு அழுதுகொண்டு நின்றால் ஆகுமா? அதனால்தான் கடிதம். உட்கார்ந்து நிதானமாகப் படி.

டைபாய்டு காய்ச்சல் என்றார்கள். ஆஸ்பத்திரியில் ஜூடித் என்று ஒரு நர்ஸ். நம் தமிழ்ப் பெண்தான், வேதக்காரி. வேலை சுத்தம், அதைக் குறை சொல்லமாட்டேன். மாதேவியை எழுந்து உட்காரவே விடமாட்டாள். படுத்தபடியே ஈரத்துணியால் உடம்பு துடைப்பாள், புரட்டிப் படுக்க வைப்பாள், பஞ்சால் நாக்கை வழிப்பாள். மூக்கு வைத்த கோப்பையில் பார்லித் தண்ணீர், மோர்த்தெளிவு, அவ்வளவுதான் ஆகாரம். காய்ச்சல் இறங்கியதும் உன் மனைவிக்கு ஒரு பசி வந்தது பார், அப்பப்பா! எதிர்ப் படுக்கைக்காரி தட்டை வழித்துத் தின்பதை வைத்த கண் வாங்காமல் பார்ப்பாள்.

காய்ச்சல் விட்டால் ராகிக் களி கிண்டி உருட்டிப் போட்டு உடம்பைத் தேற்றுவதுதானே நம் வழக்கம். அதைச் சொன்னேன். ஜூடித் என்னை வராந்தாவுக்கு அழைத்துப் போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, அவங்க குடல் பூரா புண்ணுங்க. நனைஞ்ச காகிதம் மாதிரி இருக்கு. கெட்டியா ஒரு வாய் போனாலும் கிழிஞ்சிரும். அப்புறம் நாங்க யாரும் ஒண்ணும் பண்ண முடியாது" என்றாள். எனக்கென்ன காது கேட்காதா? புரிந்தது என்று தலையாட்டினேன்.

நினைவிருக்கிறதா, கல்யாணமாகி வந்த வாரமே களி தொண்டையில் இறங்காது என்று உன் மனைவி தட்டைத் தள்ளி வைத்தாளே? டவுன்காரி. அவளுக்காக நீயும் களியை விட்டுச் சோற்றுக்கு மாறினாய். நான் கிண்டியதை நானே தின்றேன், இத்தனை வருஷமாக. அந்த மாதேவி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "அத்தை, உங்க கையால ஒரு உருண்டை களி குடுங்க, சாமி" என்று கெஞ்சினாள். காதுக்கு எவ்வளவு இதமாக இருந்தது தெரியுமா?

கேட்டாள் என்பதற்காகக் கொடுத்துவிட முடியுமா? வாசனையாவது பிடிக்கட்டும் என்று மறுநாள் சாயந்திரம் தூக்குச்சட்டியில் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் எடுத்துப் போனேன். ஜூடித் அப்போது வேறு வார்டில் இருந்தாள். திரும்பும் வழியில் களியை நாய்க்குப் போட்டுவிட்டேன்.

விடிந்ததும் மாதேவிக்கு வயிற்றுவலி. வயிறு பலகையாக இறுகிவிட்டது. வாய் துடைத்த ஜூடித், பஞ்சில் ராகியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். லேடி டாக்டர் வந்து, யார் கொடுத்தது என்று மாதேவியையே கேட்டார். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "யாரும் குடுக்கல" என்றாள். அந்த மட்டில் அடக்கமான பெண். பக்கத்திலிருந்து ஊட்டுகிறவள் நர்ஸ்தானே, அவளைக் கேளுங்கள் என்று நானும் சொன்னேன். ஜூடித்தை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். பாடை எடுத்த அன்று நம் தெருவில் வந்து நின்று அழுதாள். நான் உள்ளே கூப்பிடவில்லை.

ஹனூர் கெம்பையனுக்கு ஒரு மகள் இருக்கிறாள். களி தின்று வளர்ந்த உடம்பு. உன்னை அவசரப்படுத்தவில்லை, காதில் போட்டு வைக்கிறேன்.

பொங்கலுக்கு லீவில் வருவாய் அல்லவா? அதுவரை அழுதுகொண்டு பட்டினி கிடக்காதே, கண்ணு. நீ வந்ததும் களி கிண்டி, சூட்டோடு என் கையால் உருட்டி வைப்பேன். ஒரு உருண்டையாவது சாப்பிடு. எனக்கு இனி வேறு யார் இருக்கிறார்கள்? வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதே, சாமி.

இப்படிக்கு,
உன் நன்மையைத் தவிர வேறொன்றும் நினைக்காத அம்மா
பழனாத்தாள்