பதினாலாவது கேள்வி

2025 ஜூன் 9, திங்கள்

இந்த நோட்டு என்னை மன்னிக்க வேண்டும். எழுத்து வரியை விட்டு மேலே ஏறுகிறது, திடீரென்று கீழே விழுகிறது. ‘ழ’ போடும்போது கை நடுங்குகிறது. அறுபத்தெட்டு வயதில்தான் பேனா பிடித்தேன். அதுவரைக்கும் மண்வெட்டி. இந்த நாலு வரிக்கு அரை மணி நேரம் ஆகிவிட்டது. ஆனாலும் சந்தோஷமாக இருக்கிறது!

நடந்ததை எழுதுங்கள் என்று ஜெஸி டீச்சர் சொல்லியிருக்கிறார். சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் எங்களைப் போன்ற ஒன்பது கிழடுகளுக்குப் பாடம் எடுக்கிறவர்.

இன்று நடந்தது: என் மகள் இசைவாணியோடு சமயநல்லூரில் பஸ் ஏறி மதுரைக்கு ஆஸ்பத்திரி போனேன். வழியில் இருந்த போர்டு எல்லாவற்றையும் படித்தேன். பஸ் நின்றால்தான் முழுதாகப் படிக்க முடிகிறது. இசைவாணிக்கு முப்பத்தொன்பது வயது, நூற்றிருபத்தொரு கிலோ, சர்க்கரை, முழங்கால் வலி. இரைப்பையைச் சின்னதாக்கும் ஆபரேஷன் செய்யலாம் என்கிறார் டாக்டரம்மா. எப்படிச் சின்னதாக்குவார்கள்? சட்டையைப் பிடித்துத் தைப்பது போலவா?

மாப்பிள்ளை அசோக்குமாரிடம் கேட்டேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த புத்தகத்தை என் மடியில் போட்டார். “நீங்களே படிங்க மாமா. இப்பத்தான் பெரிய படிப்பாளி ஆயிட்டீங்கள்ல.”

ஜூன் 12, வியாழன்

எட்டுப் பக்கம். மூன்று நாள். முடித்துவிட்டேன்!

ஆபரேஷன் இரண்டு விதமாம். ஒன்றில் இரைப்பையில் முக்கால் பாகத்தை வெட்டி வெளியே எடுத்துவிடுகிறார்கள். வாழைப்பழம் மாதிரி ஒரு குழாய் மிஞ்சும். இன்னொன்றில் மேலே முட்டை அளவுக்குப் பிரித்துக் குடலோடு சேர்த்துவிடுகிறார்கள். மீதி இரைப்பை உள்ளேயே கிடக்கும், அதற்குள் சோறு போகாது. சர்க்கரை இருப்பதால் இசைவாணிக்கு இரண்டாவது விதம்.

சோறு போகாத இரைப்பை உள்ளே என்ன செய்துகொண்டிருக்கும்? தூங்குமா? மாட்டுக்கு நாலு இரைப்பை, அது ஒன்றையும் சும்மா வைத்திருப்பதில்லை.

கடைசிப் பக்கத்தில், எடை கூடினால் சில வகைப் புற்றுநோய் வரும் வாய்ப்பும் கூடும், எடை குறைந்தால் அதுவும் குறையலாம் என்று போட்டிருக்கிறது. அந்தப் பக்கத்தை மட்டும் வேகமாகப் படித்தேன். எனக்கு வேகமாகப் படிக்கவே வராது.

ஜூன் 15, ஞாயிறு

ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். நாலு பக்கம், எல்லாம் தமிழ். இசைவாணி நிரப்பி டிவி பக்கத்தில் வைத்திருந்தாள். நான் ஒவ்வொரு கேள்வியாகச் சத்தம் போட்டுப் படித்தேன். அவள் அரிசி களைந்துகொண்டே சிரித்தாள்.

பதினாலாவது கேள்வி: பெற்றோர், உடன்பிறந்தவர்களில் யாருக்காவது புற்றுநோய் இருந்ததா? எந்த உறுப்பில்?

‘இல்லை’ என்ற கட்டத்தில் டிக் அடித்திருந்தாள்.

“என்னப்பா நின்னுட்டீங்க? எழுத்து தெரியலையா?”

“தெரியுது தாயி.”

“அம்மாவோட அல்சருக்குத் தனிக் கேள்வி இருக்கு பாருங்க, பத்தொம்போது. அதுல ஆமான்னு போட்டிருக்கேன்.”

ஜூன் 16, திங்கள்

எழுத வரவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

இதை எழுதியே ஆக வேண்டும். எழுதிப் பார்க்கிறேன்.

என் வீட்டுக்காரி சுந்தரம்மாளுக்கு அல்சர் இல்லை. இரைப்பையில் கேன்சர்.

எழுதிவிட்டேன். 2007 மாசியில் பெரிய டாக்டர் சொன்னபோது பக்கத்தில் நானும் அவளும் மட்டும்தான். முற்றிவிட்டது என்றார். வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். தன் உயிரைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. “புள்ளைக்கு எடம் பேசிக்கிட்டு இருக்கம். வீட்டுல கேன்சர்னா எவன் வருவான்? அல்சர்னே சொல்லு. என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு.”

பண்ணினேன். அதோடு விட்டேனா? யார் கேட்டாலும், வேளைக்குச் சாப்பிடாமல் கிடந்து வயிற்றில் புண் வந்துவிட்டது என்று கதை கட்டினேன். அவள் செத்து நாலு மாதத்தில் கல்யாணம் நடந்தது.

இப்போது சொன்னால் சம்பந்தியம்மா முத்துத்தாய் என்ன சொல்லும்? மறைத்துத்தானே பெண் கொடுத்தீர்கள் என்று கேட்டால் நான் எங்கே பார்ப்பது? சொல்லாவிட்டால்? அந்தச் சும்மா கிடக்கும் இரைப்பைக்குள் ஏதாவது வந்தால் யார் பார்ப்பார்கள்?

யாருக்கு என்று சொல்லாமல் ஜெஸி டீச்சரிடம் கேட்டேன். “அந்தக் கேள்விய அவங்க சும்மா போட்டிருக்க மாட்டாங்கய்யா” என்றார். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

ஜூன் 20, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

வீட்டில் சொல்லத்தான் இரண்டு நாள் பார்த்தேன். வாய் வரவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா படிவத்தைப் புரட்டிக் கடைசிப் பக்கத்துக்குப் போய்விட்டார். இனி நேரமில்லை என்று தெரிந்தது.

“அம்மா, பதினாலுல தப்பு இருக்கு.”

“அப்பா, சும்மா இருங்கப்பா. படிக்கப் பழகுறாரு மேடம், எதைப் பாத்தாலும் படிப்பாரு.”

“படிச்சுட்டுத்தான் சொல்றேன். இவ அம்மாவுக்கு அல்சர் இல்ல. இரைப்பையில கேன்சர்.”

இசைவாணி திரும்பி என்னைப் பார்த்தாள். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். எந்த வயதில்? நாற்பத்து நாலு. அவர்கள் வீட்டில் வேறு யாருக்காவது? அவளுடைய தகப்பனும் வயிறு வீங்கித்தான் போனார், என்னவென்று யாரும் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். திட்டவில்லை. நல்லவேளை இப்பவாவது சொன்னீர்கள் என்றார்.

இரண்டாவது விதம் செய்தால் உள்ளே மூடிக் கிடக்கும் பகுதியைப் பிறகு வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்ப்பது கஷ்டமாம். இப்படி ஒரு குடும்பத்தில் அப்படி ஒரு பகுதியை விட்டுவைக்க அவருக்கு மனமில்லை. முதலில் குழாய் விட்டுப் பார்ப்பது. சுத்தமாக இருந்தால் முதல் விதம். நான் கேட்க நினைத்த கேள்விதான் இது! சந்தோஷப்படுகிற நேரமா என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். இறங்கி வீட்டுக்கு நடக்கும்போதுதான் பேசினாள்.

“பதினெட்டு வருசம்ப்பா. ஒரு வேளை நான் சோத்த விட்டதில்ல. பசிக்கலைன்னாலும் தின்னேன். விட்டா அம்மா மாதிரி ஆயிருவேன்னு பயந்து பயந்து தின்னேன். தட்ட யாருப்பா நீட்டினது?”

நான்தான். ‘நேரத்துக்குச் சாப்புடு தாயி, அம்மா கணக்கா ஆயிராத’ — தினமும் சொன்னேன். நான் கட்டின கதையை நானே நம்பினேனா? தெரியலையே. அய்யோ, எம்புட்டுச் சோறு போட்டேன்.

“சொல்லியிருந்தா மெலிஞ்சிருப்பேனான்னு தெரியாது. பயந்து தின்னுருக்க மாட்டேன்” என்றாள்.

ஜூன் 21, சனி

காபி மட்டும் கொண்டுவந்து வைத்தாள்.

ஜூன் 26, வியாழன்

குழாய் விட்டுப் பார்த்தார்கள். டாக்டரம்மா படத்தை எனக்கும் காட்டினார். பிழிந்து போட்ட சிவப்புத் துணி மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கிறது என் மகளின் இரைப்பை. நாம் சுமந்து திரிகிறோம், ஒரு நாளும் பார்த்ததில்லை! கட்டி எதுவும் இல்லை. ஒரு கிருமி மட்டும் இருக்கிறதாம். வெகுநாள் விட்டுவைத்தால் அதுவும் கேன்சருக்கு வழிவிடலாமாம். பதினாலு நாள் மாத்திரை.

“அம்புட்டுப் புளிப்புக்குள்ள அது எப்படிம்மா உயிரோட இருக்கு?” என்று கேட்டேன்.

“நீங்க டாக்டருக்கே படிச்சிருக்கலாம் தாத்தா” என்றார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவளே கேட்டாள். “அம்மாவுக்கு வலிச்சுச்சாப்பா?”

வலித்தது என்றேன். வேப்பமரத்தடியில் பேசியதை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் அழுதாள். பிறகு என் வேட்டியில் ஒட்டியிருந்த நூலை எடுத்துப் போட்டாள்.

மாப்பிள்ளைக்கும் தெரிந்துவிட்டது. “அப்ப சொல்லியிருந்தாலும் நான் கட்டியிருப்பேன் மாமா. எங்கம்மாதான் கட்ட விட்டுருக்காது” என்றார். பொய் சொல்லாத மனிதர்.

ஜூலை 22, செவ்வாய்

நேற்று ஆபரேஷன். இன்று நடக்கிறாள். சின்ன மூடியில் தண்ணீர், அதையும் சொட்டுச் சொட்டாகக் குடிக்க வேண்டும்.

வெட்டி எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஒரு தரம் பார்க்கலாமா என்று நர்ஸம்மாவிடம் கேட்டேன். “தாத்தா, பேசாம போய் டீ குடிங்க” என்று விரட்டிவிட்டது.

ஆகஸ்ட் 1, வெள்ளி

சோதனை முடிவு வந்தது. கேன்சர் இல்லை. இனிமேல் வராது என்று சொல்ல முடியாதாம். அவ்வப்போது குழாய் விட்டுப் பார்க்க வேண்டும். பார்க்க முடிகிற இரைப்பைதானே, பார்த்துக்கொள்ளலாம்.

செப்டம்பர் 14, ஞாயிறு

பத்தொன்பது கிலோ குறைந்திருக்கிறாள். சர்க்கரை மாத்திரையையும் குறைத்துவிட்டார்கள்.

அலங்காநல்லூரிலிருந்து சம்பந்தியம்மா வந்தது. மருமகளைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “எதுக்கு இப்ப வயித்தக் கிழிச்சுக்கிட்ட?” என்றது. இசைவாணி தட்டில் இட்லியைப் பிட்டுக்கொண்டே, “எங்கம்மாவுக்கு வயித்துல கேன்சர் அத்தை. அல்சர் இல்ல” என்றாள். மழை வருகிறது என்று சொல்வது போலச் சொன்னாள். நான் தலையைத் தூக்கவில்லை.

“அப்ப மறைச்சுத்தான் குடுத்தீக” என்றது சம்பந்தியம்மா.

“ஆமா அத்தை.”

பஸ்ஸுக்குக் கிளம்பும்போது நான் பையைத் தூக்கிக்கொண்டு கூடப் போனேன். நிறுத்தத்தில் திட்டப்போகிறது என்று நின்றேன்.

“அண்ணே, எங்க அக்கா காமாலையில போச்சுன்னு சொன்னமே.”

“ஆமா.”

“காமாலை இல்லண்ணே. மார்ல கட்டி.” ரோட்டைப் பார்த்தபடியே பேசியது. “நானும் ஒரு தடவ காட்டிப் பாக்கணும்ணே. அந்த டாக்டரம்மா திட்டுமா?”

“திட்டாது தங்கச்சி.”

“ஃபாரமெல்லாம் உண்டா?”

“நாலு பக்கம்.”

“எனக்கு எங்க படிக்கத் தெரியும்?”

“நான் படிக்கிறேன்.”

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாக, “வெள்ளிக்கிழம வாரேன்ணே, மகன்கிட்டச் சொல்லிராதீக” என்றது.

சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை லீவு போடுகிறார். மார்புக் கட்டிக்கு எப்படிப் பார்ப்பார்கள், அதற்கும் உள்ளே குழாய் விடுவார்களா, எத்தனை கேள்வி கேட்பார்கள், ஒன்றும் தெரியவில்லை. போய்ப் பார்த்துவிட்டு வந்து அடுத்த வாரம் எழுதுகிறேன்.