படத்தில் விழாத குரல்

மாசி 4, செவ்வாய். பதுளை.

காலையிலிருந்து தூறல். தொண்டைக் கட்டு. திப்பிலியும் பனங்கற்கண்டும் தீர்ந்துவிட்டன, காதர் நானா கடைக்கு நானே போனேன். அங்கே கிராமபோன் ஓடுகிறது. கோகிலத்தின் குரல். மேடையில் எனக்குத் தோழி வேஷம் கட்டிக்கொண்டிருந்தவள்.

நானா சொன்னார்: "பிளேட்காரர் மொதல்ல ஒங்களத்தானே கேட்டாரு. நீங்க மாட்டேன்னுட்டீங்க."

மாட்டேன் என்றுதான் சொன்னேன். கிராமபோன் பிளேட்டில் பாடினால் அது குரலைக் குடித்துவிடும் என்று நாடகக் கம்பெனியில் எல்லோருக்கும் பயம். கோகிலத்தின் குரலை எதுவும் குடிக்கவில்லை. பொத்திப் பொத்தி வைத்த என் குரல்தான் போய்க்கொண்டிருக்கிறது. புத்தி கெட்டவள் நான்.

மாசி 7, வெள்ளி. நமுனுகுல.

வெயில். காற்று மட்டும் ஊசி. நேற்று இங்கே தேயிலைத் தோட்டத்தில் நாடகம். அதைப் பார்த்த தோட்டத்துத் துரை இன்று படம் பிடிக்கும் பெட்டியோடு வந்துவிட்டார். மகனை இழந்த ராணியாக நான் பாடி அழுவதை மட்டும் பிடிக்க வேண்டுமாம். பயாஸ்கோப் படம் நான் பார்த்தது கிடையாது. அது நடக்கும் நேரம் நான் மேடையில் இருப்பேன்.

முகப்பூச்சு, டோப்பா, சரிகைச் சேலை. ஆர்மோனியம் முத்தையா முகத்தைச் சுளித்தான். "தொண்ட இருக்குற இருப்புல முழுசாப் பாடாதீங்க அக்கா. நாளான்னைக்கு லுணுகலையில ஆட்டம் இருக்கு."

"பிளேட்டத்தான் விட்டேன். இதையும் விடச் சொல்றியா?"

பாடினேன். அடிவயிற்றிலிருந்து, மேல்ஸ்தாயி வரை. பல வருஷமாக அப்படிப் பாடியதில்லை. கொழுந்துக் கூடையோடு நின்ற செல்லாயி என்ற பெண் தேம்பித் தேம்பி அழுதாள். துரை பெட்டியின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருந்தார். இனி நான் செத்தாலும் குரல் இருக்கும். சந்தோஷம்.

மாசி 9, ஞாயிறு. லுணுகலை.

மழை. குரல் அறவே இல்லை. வெந்நீர், மிளகு, கஷாயம். ஒன்றும் பலிக்கவில்லை. ராணி வேஷம் கம்பெனியின் சின்னப் பெண்ணுக்குப் போயிற்று. பேச்செல்லாம் ஜாடைதான். பரவாயில்லை, குரல் துரையின் பெட்டிக்குள் இருக்கிறது.

பங்குனி 14, ஞாயிறு. நமுனுகுல.

பனி. குரல் திரும்பவில்லை. படம் வந்துவிட்டதென்று துரை ஆள் அனுப்பியிருந்தார். பொழுது சாய்ந்ததும், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டினார். நான்தான். கை, கண், சேலை எல்லாம். வாய் திறக்கிறது, மூடுகிறது. சத்தம் இல்லை. ஆர்மோனியத்தில் முத்தையாவின் விரல் ஓடுகிறது, அதற்கும் சத்தம் இல்லை. பின்னால் யாரோ சிரித்தார்கள்.

முத்தையா கங்காணியிடம் விசாரித்துவிட்டு வந்தான். "உருவத்த மட்டுந்தான் புடிக்குமாம் அக்கா."

யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மிச்சமிருந்த குரலை அன்றைக்கே காற்றில் கொட்டிவிட்டேன்.

பக்கத்தில் செல்லாயி. "அம்மா, அந்தப் பாட்ட நீங்களே பாடுங்களேன்."

வாயைத் திறந்தேன். துணியில் தெரிந்தவள் போலத்தான். கையை விரித்துக் காட்டினேன். அவள் மெதுவாகத் தானே பாட ஆரம்பித்தாள். தாளம் தப்பு. சொல் பாதி தப்பு. இரண்டாம் அடியில் நான் மூச்சு வாங்கும் இடத்தில் அவளும் மூச்சு வாங்கினாள்.