கோழிப்பண்ணையில் முடிந்த காதல்

அன்பு மகளுக்கு,

அப்பா சொல்லச் சொல்ல, மாடி வீட்டுத் தட்டச்சர் எழுதுவது. முட்டிவலி வந்த இடத்திலேயே இருக்கிறது, அதற்கும் வேறு போக்கிடம் இல்லை. கதைக்கு முடிவு அமையவில்லை, மாதக் கடைசிக்குள் பதிப்பகத்துக்குக் கொடுக்க முடியாவிட்டால் கிழித்துப் போடுவேன் என்று எழுதியிருந்தாய். அவசரப்படாதே. இதைக் கேள்.

பெரிய பாலம் விழுந்து ஊரே படகில் வேலைக்குப் போனதே, அந்த வருஷம். நீ பிறக்க இன்னும் மூன்று வருஷம் இருந்தது. அச்சகத்தில் நான் பைண்டர். எழுத்து தெரியாது, எண் தெரியும். பதினாறு பக்க மடிப்பை ஃபாரம் என்போம். அடியில் போட்ட எண்ணைப் பார்த்து அடுக்கித் தைப்பேன். ஒரே வாரத்தில் இரண்டு புத்தகம் வந்தது. ஒன்று, சாவே இல்லாத மூடுபனி அரசனுக்கும் ஒரு தையல்காரிக்கும் காதல். மற்றது கோழி வளர்ப்பு. இரண்டுக்கும் கடைசி ஃபாரம் பதின்மூன்று. முந்நூறு பிரதியில் மாற்றித் தைத்துவிட்டேன். அரசன் அவள் கையைப் பிடிக்கப் போவான், பக்கத்தைத் திருப்பினால் குஞ்சுகளுக்குக் கழிச்சல்.

முதலாளி என்னை வாசலில் உட்கார வைத்துவிட்டார். வருகிறவர்களிடம் திட்டு வாங்கிக்கொண்டே சரியான ஃபாரத்தைத் தைத்துக் கொடுக்க வேண்டும். ஒருத்தி வாங்கிப் போய் மறுநாளே திரும்பி வந்தாள். இதற்குக் கோழியே தேவலை என்றாள். கடைசியில் எங்கிருந்தோ ஒரு மந்திரவாதி வந்து தையல்காரிக்கும் சாவில்லாமல் செய்துவிடுகிறானாம். நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பக்கம் அவள் பட்ட பாடெல்லாம் எதற்கு, அவளை ஒரு வார்த்தை கேட்டானா என்று என்னோடு சண்டை.

அப்படியானால் நீயே முடித்து வை என்றேன். முதல் அத்தியாயத்தில் சுவரைக் கடந்து தையல்காரியின் அறைக்குள் வந்த அரசன், கடைசியில் வெளியே நின்று கதவைத் தட்ட வேண்டும், அவள் ஊசியைக் குத்தி வைத்துவிட்டு எழுந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் என்றாள். பிறகு அவள் செத்துப்போவாளே என்றேன். சாவாள், அது கதை முடிந்த பிறகு என்றாள். முதலாளியும், அந்தக் காதல் கதையை எழுதிய கதாசிரியரும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அடுத்த வருஷம் அவள் வீட்டுக் கதவைத் தட்டித்தான் பெண் கேட்டேன்.

நீ எழுதிப் பார்த்து அனுப்பிய மூன்று முடிவையும் தட்டச்சர் வாசித்துக் காட்டினார். ஒன்றில் கனி, ஒன்றில் ஊற்று, ஒன்றில் வரம். மூன்றிலும் உன் கதாநாயகி விளக்குக்காரி சாகாதபடி யாராவது தடுத்துவிடுகிறார்கள். அம்மா போன அன்று உன் விமானம் வந்து சேரவில்லை. அது உன் குற்றமில்லை. உன்னைக் கேட்டாள், கோபமாகக் கேட்கவில்லை.

உன் கதையின் முதல் அத்தியாயத்தில் அவள் காதலன் வனராஜன் உள்ளே வந்தாலே அவள் விளக்கு அணைந்துபோகிறது. அதை மறந்துவிட்டாயா? முடிவை அங்கிருந்து எடு. உனக்கு வரும், எனக்குச் சந்தேகமில்லை.

முடித்ததும் எடுத்துக்கொண்டு வா. உன்னிடம் சாவி இருக்கிறது, இருந்தாலும் தட்டு. முட்டியைப் பிடித்துக்கொண்டு நானே எழுந்து வருகிறேன். முதலாளி போனார், கதாசிரியர் போனார், சொன்னவளும் போனாள். அன்று அந்த வாசலில் அந்த முடிவைக் கேட்டவர்களில் மிச்சம் இருப்பது உன் அப்பா ஒருத்தன்தான்.