நிற்கக் கூடாத வண்டி

நேற்று பூந்தமல்லி நெடுஞ்சாலையில், மெட்ரோ வேலைக்காகத் தகரம் அடித்து மறைத்திருக்கும் இடத்தில், ஒரு வாடகைக் காரில் மாட்டிக்கொண்டேன். ஓட்டுநர் கிளட்சை முழுதாக விடவும் இல்லை, முழுதாக மிதிக்கவும் இல்லை. வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அந்த வாசனை வந்தது. கருகிய தோலும் சூடான இரும்பும் கலந்தது போல ஒன்று. "கிளட்ச் கருகுது தம்பி" என்றேன். "பழைய வண்டி சார், அப்படித்தான் வரும்" என்றார். கண்ணாடியை இறக்கிவிட்டுச் சாய்ந்துகொண்டேன். வீடு வந்து சேரும் வரை உன்னைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீ அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டினாய். நான் சைக்கிளில் ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் அலைந்து செய்தி சேர்த்தேன். ரயில்வே ஸ்டேஷன் வாசல் டீக்கடையில் ஒருநாள் நீயாகவே என்னிடம் வந்து, பேப்பரை மடித்துக் காட்டினாய். "ரிப்போட்டரே, நெமிலிச்சேரில கவுந்த லாரி பச்சை. நீ செவப்புன்னு போட்டுக்கீற." கோபமாக வந்தது. போய் விசாரித்தேன். பச்சைதான். அதற்குப் பிறகு உன் பக்கத்தில்தான் டீ குடித்தேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. உன் தம்பிக்கு ஆவடியில் நிரந்தர வேலை கிடைத்துக் கல்யாணமும் முடிவாகியிருந்தது. அவன் கேட்டது ஒன்றே ஒன்று: மாப்பிள்ளை ஊர்கோலம் காரில் வர வேண்டும். உங்கள் ஊர் நசரத்பேட்டையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. பெயர் வேண்டாம். இன்று அங்கே வாழ்கிறவர்கள் வேறு மனிதர்கள். உங்கள் காலனிக்கு வண்டி போக ஊர்த் தெரு ஒன்றுதான் வழி. அந்தத் தெருவில் காலனிக்காரர் யாரும் உட்கார்ந்துகொண்டு போனதில்லை. உன் அப்பா சைக்கிளில் வந்தாலும் தெருமுனையில் இறங்கித் தள்ளிக்கொண்டு போய், மறுமுனையில்தான் ஏறுவார்.

பேச்சு காவல் நிலையம் வரை போனது. என்னையும் கூட்டிப்போனாய். ஊர்ப் பெரியவர் முடியாது என்று சொல்லவில்லை. காலம் மாறிவிட்டதென்று அவருக்கும் தெரியும். துண்டை மடியில் போட்டுக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: "கார் போவட்டும். நான் குறுக்க நிக்கல. ஆனா தெருவுல நிறுத்தி ஆட்டம் பாட்டம்லாம் கூடாது. போய்க்கினே இருக்கணும். நின்னுச்சுன்னா மாப்பிள்ளை எறங்கி நடக்கணும்." அதிகாரி உன்னைப் பார்த்தார். நீ உடனே சரி என்றாய்.

வெளியே வந்ததும், அவசரப்பட்டுவிட்டாய் என்றேன். "நிக்காத வண்டி ஒண்ணு வேணும். அவ்ளோதான மச்சான்" என்றாய்.

பூந்தமல்லியில் கல்யாணங்களுக்குத் திறந்த கார் விடுகிற நைனாவிடம் போனோம். ஊர் பெயரைக் கேட்டதும் வெற்றிலையைத் துப்பினார். "அந்தத் தெருவுக்கா? வண்டி மேல கல்லு வுழுந்தா யார்கிட்ட போய் அழுவுறது? வேற எடம் பாரு." திரும்பும்போது அவர் கொட்டகைக்குப் பின்னால் ஒரு காரைப் பார்த்தாய். பாண்டிச்சேரியிலிருந்து வந்த பழைய பிரெஞ்சு வண்டி. ஊர்கோலத்துக்கென்று யாரோ கூரையை அறுத்திருந்தார்கள். நம் பக்கத்தில் ஓடின கார்களில் பின்சக்கரம்தான் வண்டியைத் தள்ளும். இதில் முன்சக்கரமே இழுக்கும், அதுவே திரும்பும். அதனால் எந்த மெக்கானிக்கும் அதைத் தொடவில்லை. "இது வண்டி இல்ல, தலைவலி. புடிச்சிருந்தா எடுத்துகினு போ" என்றார் நைனா. இரும்பு விலைக்குத்தான் கொடுத்தார்.

எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு அதை நடை வேகத்தில் ஓட்டிப் பார்த்தாய். கோவில்பதாகை தாண்டுவதற்குள் ரேடியேட்டர் கொதித்து ஆவி கிளம்பியது. வேகமாகப் போகிற வண்டிக்குக் காற்று கிடைக்கும். ஊர்கோலத்தில் ஊர்கிற வண்டிக்கு அதுவும் கிடையாது. அந்தச் சின்ன இன்ஜின் நடுத்தெருவில் கொதித்து நின்றுவிடும் என்பது எல்லோருக்கும் புரிந்தது. உனக்கு வழி ஒன்றுதான் தோன்றியது. ஏலத்தில் போன ஒரு பட்டாள ஜீப்பின் இன்ஜின் ஆவடியில் கிடைத்தது. பழையதைப்போல ஒன்றரை மடங்கு பெரியது. வேலை முடிந்த மாலைகளில் லேத்தில் ஒரு தடித்த இரும்புத் தகட்டைக் கடைந்து, அந்த இன்ஜினையும் பிரெஞ்சு கியர் பெட்டியையும் இணைத்தாய். ரேடியேட்டரையும் ஜீப்பினுடையதாகவே மாற்றினாய். பானெட் மூடவில்லை. வெட்டி எடுத்துவிட்டு, "பூ போட்டா எல்லாம் மறைஞ்சிடும்" என்றாய்.

பார்க்க வந்த நைனா இரண்டு முறை சுற்றி வந்தார். "இன்ஜின மாத்திட்ட. கிளட்ச்ச மாத்தினியா?"

"அந்த கியர் பொட்டில பழைய பிளேட்டு ஒண்ணுதான் உக்காரும், நைனா. வேற சேராது."

"அப்ப அது தாங்காது."

"ஒரு தெரு தாங்கட்டும். அப்பால எப்படியோ போவட்டும்."

அம்பத்தூர் ஏரிக்கரையில் நாம் வெள்ளோட்டம் விட்டோம். நீ ஆக்சிலேட்டரை மிதித்தபோது வண்டி நேராகப் போகவில்லை. ஸ்டீரிங் உன் கையிலிருந்து திமிறிக்கொண்டு பனைமரத்தை நோக்கி இழுத்தது. "கையப் புடுங்குது மச்சான்" என்று சிரித்தாய். அவ்வளவு சிரித்து உன்னை நான் பார்த்ததில்லை. எவ்வளவு வேகம் போகும் என்று கேட்டேன். "வேகத்துக்கு யாருய்யா இன்ஜின் போட்டா? மெதுவா போவுறதுக்குப் போட்டேன்" என்றாய். அதில் இருந்த சிக்கலை அப்போது நீயும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. முதல் கியரில்கூட அது ஆள் நடப்பதைவிட வேகமாக ஓடியது. மெதுவாகப் போக வேண்டுமென்றால் கிளட்சைப் பாதி மிதித்துக்கொண்டே ஓட்டியாக வேண்டும்.

கல்யாணத்துக்கு முந்தின மாலை, வெளிச்சம் இருக்கும்போதே ஊர்கோலம் கிளம்பியது. முன்னால் பேண்டு செட். வண்டியில் மாலையும் கோட்டுமாக உன் தம்பி, அவனைச் சுற்றிக் குழந்தைகள். பின்னால் இளைஞர்கள், எல்லா ஊர்கோலத்திலும் செய்வதுபோல, வண்டியின் முதுகில் கை வைத்து நடந்து வந்தார்கள். நான் உன் கதவோரம் நடந்தேன். கூட வந்த ஒரே காவலர் பேண்டுக்கு முன்னால் போய்விட்டார். தெருவின் இரண்டு பக்கமும் ஆட்கள் நின்றார்கள். எல்லோரும் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் அதைத்தான் பார்த்தேன்.

பாதித் தெருவில் அந்த வாசனை வந்தது. உன் முகத்தைப் பார்த்தேன். நீ கிளட்சிலிருந்து காலை முழுதாக எடுத்துவிட்டாய். இன்ஜின் உறுமியது, வண்டி இழுக்கவில்லை. சக்கரத்தின் வேகம் தளர ஆரம்பித்தது. நீ என் பக்கம் திரும்பாமலே சொன்னாய்: "ரிப்போட்டரே, பின்னாடி போ. வெச்ச கைய அமுத்தச் சொல்லு. குனியாம தள்ளணும். நிமுந்து நடந்துகினே."

நான் போய்ச் சொன்னேன். என் கையையும் வைத்தேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கைகள் ஏற்கெனவே அங்கேதான் இருந்தன, எடை மட்டும்தான் ஏறியது. பார்த்தவர்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. நீ கியரை விலக்கிவிட்டு, நடுநடுவே ஆக்சிலேட்டரை மிதித்து இன்ஜினைச் சத்தம் போட வைத்தாய். ஒன்றரை மடங்கு இன்ஜின், பேண்டு செட்டையும் மீறிக் கேட்டது.

பெரியவர் தன் வாசலில் நின்றிருந்தார். "இன்னாடா, சத்தம் பெருசா கீது, வண்டி நத்தை மாதிரி போவுது?"

உன் அப்பா அவரை ஆண்டே என்றுதான் அழைப்பார். நீ அன்று, "பேண்டு போற வேகம்தான் அண்ணாத்தே" என்றாய். அவர் துண்டை எடுத்து இன்னொரு தோளில் போட்டுக்கொண்டார். அவரை அண்ணாத்தே என்று ஒருவன் கூப்பிட்டதைத் தெரு முழுக்கக் கேட்டது.

காலனி எல்லையைத் தொட்டதும் பட்டாசு வெடித்தார்கள். தம்பியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நீ இன்ஜினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கி, முன்சக்கரத்தில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தாய். நானும் உட்கார்ந்தேன். எனக்குத் தோள் கடுத்தது. நீ கிளட்ச் மிதித்த காலை நீட்டிப் பிடித்துவிட்டுக்கொண்டாய். ஜெயித்தவன் முகம் மாதிரி அது இல்லை. "ஒரு தெருவத் தாண்டுறதுக்கு இவ்ளோவா, மச்சான்" என்றாய். இதை எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதாத. தள்ளிகினு போனாங்கன்னு தெரிஞ்சா, அடுத்த கல்யாணத்துக்கு அதையே புடிச்சிக்குவானுங்க." அதனால் எழுதவில்லை. அடுத்த தையில் நைனாவின் திறந்த கார் அந்தத் தெரு வழியாகவே உங்கள் காலனிக்கு வந்தது. உன் ஜீப் இன்ஜின் ஒரு செங்கல் சூளைக்குத் தண்ணீர் இறைக்கப் போனது.

அதற்குப் பிறகு எத்தனையோ மாவட்டங்களிலிருந்து இதே செய்தி என் மேசைக்கு வந்தது. மாப்பிள்ளை பெயர் மாறும், தெரு மாறும். ஒவ்வொரு முறையும் ஊர்கோலம் நின்றதா, போனதா என்பதைத்தான் முதலில் தேடுவேன். பல முறை நின்றிருக்கும். ஓய்வு பெற்ற பிறகும் பேப்பரில் அது வருகிறது. படித்துவிட்டு மடித்து வைக்கிறேன். கோபப்படக்கூட இப்போது தெம்பில்லை. நீ அன்று கேட்ட கேள்விதான் திரும்பவும் வருகிறது.

உன்னை எடுத்த அன்று, சாவுப் பந்தலில் உன் தம்பி, தலை முழுக்க நரைத்தவன், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். "எங்கண்ணன் ஜீப்பு இன்ஜின் போட்டாரு. இன்னா இழுவை தெரியுமா? தெருவே அதிந்துச்சு." தள்ளிக்கொண்டு வந்ததை நீ அவனிடம் சொல்லவே இல்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஆட்டோமொபைல் படித்த பேரன் ஒருவன் நம்பவில்லை. "அந்த பிளேட்டு தாங்கியே இருக்காது தாத்தா" என்றவன், என் பக்கம் திரும்பினான். "நீங்க கூட இருந்தீங்களாமே. வண்டி நிக்கவே இல்லியா?"

உன் தம்பி என்னைப் பார்த்தான்.

"நிக்கல" என்றேன்.

அது உண்மை. சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தவன் நான். அது தளர்ந்தது, நிற்கவில்லை. எப்படி என்று பேரன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அன்று அந்த வண்டியின் முதுகில் கை வைத்தவர்களில் இன்று மிச்சம் இருப்பவன் நான் ஒருவன்தான்.