மார்ச்சில் போய் ஜூனில் வருகிறவர்கள்

என் பிரியமுள்ள சரோஜா அக்கா,

நீங்கள் கண்ணை மூடி ஒரு வருஷமாகப் போகிறது. இத்தனை நாள் எழுதாதவன் இன்றைக்கு ஏன் எழுதுகிறேன் தெரியுமா? நாளை நம் மட்டாஞ்சேரிக் கல்லூரிக்குப் பல்கலைக்கழகக் கமிஷன் வருகிறது. கெமிஸ்ட்ரியில் எம்.எஸ்ஸி. தொடங்க அனுமதி கேட்டிருக்கிறோம். துறைத் தலைவர் கையெழுத்துக்காக ஆசிரியர் பட்டியல் என் மேஜைமேல் கிடக்கிறது. ஆமாம் அக்கா, துறைத் தலைவர் நான்தான். சிரிக்காதீர்கள்.

பட்டியலில் எட்டுப் பேரும் நிரந்தரம் என்று டைப் அடித்திருக்கிறார்கள். அதில் ஷீலாவும் ஜோசப்பும் தற்காலிகம். மார்ச்சில் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஜூனில் புது ஆள் மாதிரி சேர்த்துக்கொள்ளும் அதே பழைய வழக்கம்தான். நீங்கள் அப்படி ஒன்பது ஜூன் பார்த்தீர்கள், நான் மூன்று.

பி.எஸ்ஸி.க்காகக் கமிஷன் வந்த அன்று என்ன கூத்து! வாசலோர பெஞ்சில் உட்காரும் நமக்கெல்லாம் கல்யாணப் பந்தல்காரரிடமிருந்து நாற்காலி வந்தது. முதுகில் எழுதியிருந்த கடைப் பெயர் தெரியாமலிருக்கச் சுவரோடு ஒட்டிப் போட்டார்கள். பிரின்சிபால் உங்களிடம் வந்து, "டீச்சரே, இன்னைக்கு ஒரு நாள் பர்மனென்ட்னு சொன்னா மதி, அது போதும். ஜூன்ல டீச்சரை மறக்க மாட்டேன்" என்றார். நீங்கள் ப்யூரெட் கழுவ லேபுக்குப் போய்விட்டீர்கள்.

கமிஷன்காரர் முதலில் என்னைக் கேட்டார். நிரந்தரம் என்றேன், கூசாமல். அடுத்து உங்களை.

"தற்காலிகம் சார். ஒம்பது வருஷமா மார்ச்ல போயி ஜூன்ல வர்றேன். என்னை மாதிரி இன்னும் நாலு பேரு இருக்காங்க."

என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டீர்கள் என்று உங்கள்மேல் கோபம் கோபமாக வந்தது. தற்காலிக ஆசிரியர்களை நிரந்தரமாக்கினால்தான் அனுமதி என்று கமிஷன் எழுதிவிட்டுப் போனது. ஜூனில் நாலு உத்தரவு வந்தது. ஒன்று எனக்கு. உங்களுக்கு வரவில்லை. உங்கள் இடத்துக்கு வேறு ஆள் எடுத்தார்கள்.

திருப்பூணித்துறைப் பள்ளிக்கூடத்தில் நீங்கள் சேர்ந்த பிறகு உங்களைப் பார்க்க வந்தேன், ஞாபகம் இருக்கிறதா? "பாத்தியா கோபாலா, நாலு பேருக்கு ஆச்சே" என்று சாயா போட்டுத் தந்தீர்கள். நான் சொன்ன பொய்யைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. எப்படி அக்கா முடிந்தது உங்களால்? உங்களைப் போல் ஒரு ஆளை நான் பிறகு பார்க்கவில்லை.

இன்று காலை ஷீலா வந்தாள். "சார், நான் பர்மனென்ட்னே சொல்லிக்கறேன். உள்ளதைச் சொன்னா ஜூன்ல கூப்பிட மாட்டாங்கல்ல?" என்றாள். உங்களைப் பற்றிச் சொல்லி அவளுக்குத் தைரியம் கொடுக்கலாம் என்று வாயெடுத்தேன். எனக்கே வெட்கமாகிவிட்டது. மார்ச்சில் யாராலும் வீட்டுக்கு அனுப்ப முடியாத நான் இங்கே இருக்கும்போது, அந்தப் பெண் எதற்கு அக்கா வாயைத் திறக்க வேண்டும்?

இரண்டு பெயருக்கு எதிரிலும் 'நிரந்தரம்' என்பதை அடித்துவிட்டு, 'தற்காலிகம், ஐந்தாவது வருஷம்' என்று என் கையால் எழுதித்தான் கையெழுத்துப் போடுவேன். நாளை கமிஷன் கேட்டால் பதில் சொல்லப் போவதும் நான்தான். இது உங்கள்மேல் சத்தியம்.

நீங்கள் வாங்கித் தந்த வேலையில் உட்கார்ந்திருக்கும்
உங்கள் தம்பி,
கோபாலன்