இதை இங்கே பேச வேண்டாம்

என் வீட்டுக்காரருக்கு,

இங்கே எல்லோரும் நலம். அங்கே நீங்கள் நலமா என்று கேட்கப்போவதில்லை. நீங்கள் சிரித்ததைக் காதாலேயே கேட்டுவிட்டேன்.

முதலில் வீட்டுச் சேதி. பெரியவளுக்குக் காய்ச்சல் விட்டது. வாஷிங் மெஷின் மறுபடியும் ஒழுகுகிறது. அத்தை, "தனியா கிடந்து என் பிள்ளை இளைச்சே போயிருப்பான்" என்று புலம்புகிறார். இளைத்துப்போனவர் சிரிப்பு அப்படியா இருக்கும்?

என் வேலைதான் உங்களுக்குத் தெரியுமே. பின்னால் வரும் சரக்குக்கு இப்போதே விலை பேசும் உங்களைப் போன்ற முன்பேர வர்த்தகர்கள், நம் கம்பெனியில் வியாபாரப் பேச்சு எல்லாவற்றையும் பதிவாகிற ஆபீஸ் ஃபோனில்தான் பேச வேண்டும். அந்தப் பதிவை ஐந்து வருஷத்துக்கு யாரும் அழிக்கக் கூடாது. நெருடலான வார்த்தை ஏதாவது வந்தால் கம்ப்யூட்டர் அந்தப் பேச்சைப் பொறுக்கி, கண்காணிப்புப் பிரிவில் இருக்கும் எங்கள் காதுக்கு அனுப்பும். செவ்வாய்க்கிழமை எனக்கு வந்தது உங்கள் குரல்.

எண்ணெய் விலையில்தான் ஆரம்பித்தீர்கள். அந்தத் தரகர் பெண் ஏதோ சொன்னாள், விழுந்து விழுந்து சிரித்தீர்கள். "சாப்பிட்டீங்களா?" என்று வேறு கேட்டீர்கள். என்னிடம் அதைக் கேட்டால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்? அப்புறம் குரலைத் தாழ்த்தி, "இதை இங்க பேச வேணாம், என் சொந்த நம்பருக்கு வாங்க" என்றீர்கள். கம்ப்யூட்டருக்கு உறுத்தியது இந்தக் கடைசி வரி. எனக்கு உறுத்துவது அந்தச் சாப்பாடு.

சொந்தக்காரர் குரல் என்றால் உடனே அடுத்தவரிடம் தள்ளிவிட வேண்டும் என்பது விதி. நான் தள்ளவில்லை. உங்கள் அந்தச் சிரிப்பை இன்னொருத்தி உட்கார்ந்து கேட்பதா என்று வயிறு எரிந்தது. திரும்பத் திரும்ப நானே கேட்டேன். அவள் குரல் நன்றாகத்தான் இருக்கிறது, பாழாய்ப்போனவள்.

ஆனால் எத்தனை நாள் மடியில் வைத்திருக்க முடியும்? திங்கட்கிழமை அதைக் கண்ணாடி அக்காவிடம் ஒப்படைக்கப் போகிறேன். எங்கள் பிரிவிலேயே கறாரானவர் அவர்தான். சொந்த நம்பரில் அவளிடம் என்ன பேசினீர்கள் என்று உங்களைக் கூப்பிட்டுக் கேட்பார். வியாபாரம் என்றால் உங்கள் வேலை போகும். "வியாபாரமே இல்லை, எங்க சொந்தப் பேச்சு" என்று நீங்கள் சொன்னால் ஒரு எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்கள். சொந்தப் பேச்சைப் பதிவு செய்யச் சொல்லி எந்த விதியும் இல்லையே.

இதை முன்கூட்டி உங்களிடம் சொல்வதே தப்பு. தெரிந்தால் என் வேலையும் போகும். அதனால்தான் ஃபோனைத் தொடாமல் காகிதத்தில் எழுதுகிறேன். படித்ததும் கிழித்துவிடுங்கள்.

அக்காவிடம் என்ன சொல்ல வேண்டுமோ சொல்லிக்கொள்ளுங்கள். எனக்கு மட்டும் நிஜத்தை எழுதுங்கள். மழுப்பினால் எனக்குத் தெரியும். உங்கள் குரல் எங்கே தாழும், எங்கே இழுக்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

வேலை போனால் போகட்டும். பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடுங்கள், இருப்பதை வைத்து ஓட்டுவோம். கல்யாணமான நாளிலிருந்து உங்களுக்கு ஒரு கெட்ட பெயர் வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டவள் நான். இப்போது, கடவுளே, என் புருஷன் ஆபீஸ் விதியை மீறினவராகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். வெறும் எண்ணெய் விலையாகவே இருக்கட்டும்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
உங்கள் மனைவி