உறைப்புக் கறிக்கு ஒரு வைன்

போன சனிக்கிழமை நீ இல்லாமல் முதல் தடவையாக பிரான்சிலுள்ள அல்சாஸுக்குப் போய், அந்தத் திராட்சைத் தோட்டக்கார அம்மாவின் நிலவறையில் புது வைன்களைச் சுவைத்துவிட்டு ஜெர்மனிக்கு, வுப்பர்டாலுக்குத் திரும்பினேன். மூன்று நாளாகியும் மேலங்கியின் கையில் சிந்திய வைன் மணக்கிறது. கடையில் அதைக் கழற்றிக் கதிரையில் போட்டதும் நீ பக்கத்தில் வந்து இருந்ததுபோல ஒரு நினைப்பு. அதனால் எழுதுகிறேன்.

ஒரு பிடி மிளகை அள்ளினால் அது கிடங்கில் எவ்வளவு காலம் கிடந்தது என்று சொல்லிவிடுவேன். வைன் என்றால் எனக்குச் சிவப்பு, வெள்ளை, அவ்வளவுதான். நாக்கு உன்னிடம்தான் இருந்தது. அகதி விடுதியில் ஒரே அறையில் நாம் இருந்த காலத்தில் நீ இத்தாலிய உணவகத்தில் கோப்பை கழுவினாய். மேசைகளிலிருந்து திரும்பி வந்த போத்தல்களில் மிஞ்சியதை ஒவ்வொரு மிடறாக ருசித்து, எந்தச் சாப்பாட்டோடு எது மிஞ்சியது என்று மனத்தில் குறித்துக்கொண்டாய். "மிச்சம் வந்தால் பிழையான சோடி மச்சான். வெறும் போத்தல் வந்தால் சரியான சோடி" என்பாய். நான் சிரித்தேன். அந்தப் படிப்பை வைத்து நீ பிறகு அதே குசினியில் தலைமைச் சமையல்காரனானாய்.

ஆறு வருடத்துக்கு முந்திய அந்த முதல் பயணம். நம்மவர்களின் உணவகங்களுக்கு அரிசியும் கறித்தூளும் கொடுத்துக்கொண்டிருந்த எனக்கு, வைனும் கொடுக்கலாமே என்ற ஆசை. காரில் உனக்குப் புத்தி சொன்னேன்.

"அங்க வாயைத் திறவாதை. நல்லா இருந்தாலும் மூஞ்சையை இறுக்கி வைச்சிரு. விலை நான் கதைக்கிறன்."

"ஓம் முதலாளி" என்றாய், வேண்டுமென்றே பணிவாக.

அந்த அம்மா எட்டுக் கிளாஸ்களை வரிசையாக வைத்து, பக்கத்தில் ஒரு வாளியையும் வைத்தார். வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்புவதற்கு. நான் கெட்டிக்காரத்தனமாகத் துப்பினேன். நீ துப்பவில்லை.

"துப்படா, எட்டு இருக்கு" என்று கிசுகிசுத்தேன்.

"வீட்டுக்கு வந்தவனுக்கு அவ குடிக்கத் தந்தது. அவவின்ர கண்ணுக்கு முன்னால துப்பவோ? எனக்கு ஏலாது."

எட்டையும் விழுங்கினாய். முகம் சிவக்க எழும்பிப் போய், காரிலிருந்து வழிச்சாப்பாட்டை எடுத்து வந்தாய்: புட்டும் ஆட்டிறைச்சிக் கறியும். எனக்கு வெட்கமாகப் போயிற்று. நீ ஒரு பீப்பாய்மேல் இருந்து, ஒரு வாய் கறி, ஒரு மிடறு வைன் என்று திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினாய். பரிசு வாங்கியது என்று அவர் பெருமைப்பட்ட வைனைத் தள்ளி வைத்தாய். "இது தூளோட சண்டை பிடிக்குது." கடைசியில் இருந்த, இலேசாக இனிக்கும் வெள்ளை வைனைக் குடித்ததும் கண்ணை மூடினாய். "இது உறைப்பை அமத்தேல்லை மச்சான். பக்கத்தில இருந்து கையைப் பிடிக்குது." அந்த அம்மாவும் உன் கறியில் ஒரு கரண்டி எடுத்து, கண்ணீர் வழிய அதே வைனைக் குடித்துத் தலையாட்டினார்.

நான் உடனே என் தொழிலைத் தொடங்கினேன். சாதாரண வைன், மற்ற இடத்தில் மலிவு என்றேன். நீ அவருக்கும் விளங்கும்படி ஜெர்மன் மொழியில் சொன்னாய்: "நல்ல சாமானைக் குறைச்சுக் கதையாதை." அன்று உன்னை அங்கேயே விட்டுவிட்டு வந்திருப்பேன். ஆனால் அந்த ஒரு வசனத்தால்தான் அவர் தன் வைனை நம்மை நம்பித் தந்தார். என் பேரத்தில் அது கிடைத்திராது. இன்று பதினொரு உணவகங்கள் அதை வாங்குகின்றன, நீ தெரிந்தெடுத்தது என்பதற்காக.

இந்த முறை புது வைன் இரண்டு பீப்பாய்களில் இருந்தது. எது கறிக்கு என்று நான் சொல்ல வேண்டும். பிழைத்தால் பதினொரு பேரும் போய்விடுவார்கள். உன்னைப்போல கிளாஸைச் சுழற்றி, "இதில கொஞ்சம் பழவாசனை கூட" என்று எதையோ அளந்தேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கிளாஸை வைக்கப் போய் மேலங்கிக் கையில் சிந்திக்கொண்டேன். "எனக்குத் தெரியேல்லை அம்மா. ரெண்டும் எனக்கு ஒண்டுதான்" என்று சொல்லிவிட்டேன். வியாபாரத்தில் இப்படி ஒரு வார்த்தை நான் சொன்னதே இல்லை.

"எனக்குக் கறி தெரியாது, உங்களுக்கு வைன் தெரியாது" என்றார் அவர். "ரெண்டும் தெரிஞ்ச ஆள் எங்களை விட்டுப் போயிட்டார்."

பிறகு அவர்தான் ஒரு வழி சொன்னார்: உன் கறியைப்போல யாராவது சமைத்தால், அதோடு இரண்டையும் தானே ருசித்துப் பார்ப்பது. அங்கிருந்தே உன் மனைவிக்கு டெலிபோன் எடுத்தேன். "அவவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ அண்ணை, சமைக்கிறன். அவரின்ர கைப்பக்குவம் எனக்குத் தெரியும்" என்றார்.

உன்னிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது நாக்கு அல்ல, அது வராது. நல்லதை நல்லது என்று முதலில் சொல்லிவிட்டுப் பிறகு விலை கேட்கும் பழக்கம். அதுவும் இன்னும் முழுதாக வரவில்லை, வரப் பார்க்கிறது.

பேசி முடித்தது இதுதான்: போத்தல் ஏழு ஈரோ இருபது, நூற்றிருபது பெட்டி, காசு முப்பது நாளில். அடுத்த மாதம் அவர் இரண்டு பீப்பாயிலிருந்தும் மாதிரி எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்கு வருவார். உன் மனைவியின் கறியோடு அவர் எதைத் தெரிந்தெடுக்கிறாரோ, அதை நான் மறுபேச்சில்லாமல் எடுக்க வேண்டும்.